ஓயாமல் ஓடும் ஒரு சொல்

சென்ற மாதம் ஒரு பையனுடைய கட்டுரை நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையினால் பெரிய கோடு ஒன்று கிழித்தோம். அந்தக் கோட்டை நினைக்கும்போதெல்லாம் இப்பொழுது நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகையால், இந்தப் பகுதியில் வழக்கமாக நாம் செய்துவரும் தமிழ்ச் சொல் விசாரணையை இந்த வாரம் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, ஓர் இங்கிலீஷ் சொல்லை எடுத்துக்கொள்ள நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

நடந்த சங்கதி இதுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'என் தகப்பனார்' என்ற தலைப்பில் இங்கிலீஷில் பத்து வரி எழுதி வரும்படி சொல்லியிருந்தோம். அந்தப் பையனுடைய தகப்பனாருக்குச் சின்ன மளிகைக் கடை ஒன்று உண்டு. பையன் முதல் வரியிலேயே, 'மை ஃபாதர் வாக்ஸ் எ ஷாப்' என்று எழுதியிருந்தான். அதை நாம் வகுப்பில் உரக்கப் படித்தோம். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுவதே நலம்: நாமும் சிரித்தோம். பிறகு 'வாக்ஸ்' என்பதை அடித்துவிட்டு மேலே 'ரன்ஸ்' என்று எழுதினோம்.

பையன் எழுந்து நின்றான். "கடை எப்படி ஸார் ஓடும்?" என்று கேட்டான்.

"இங்கிலீஷில் அப்படித்தான், உட்கார்" என்றோம்.

அவன் உட்கார்ந்துவிட்டான். அன்று முதல் எந்தக் கேள்விக்கும் அவன் கை தூக்குவதில்லை.

'இங்கிலீஷில் அப்படித்தான்' என்பது நமக்கு நம்முடைய உபாத்தியாயர் சொன்ன பதில். அவருக்கு அவருடைய உபாத்தியாயர் சொல்லியிருப்பார். தலைமுறை தலைமுறையாக வந்த இந்தப் பதிலுக்குப் பின்னால் ஏதேனும் விஷயம் இருக்கிறதா என்று பார்க்க அன்றிரவுதான் அகராதியைப் புரட்டினோம். பட்டம் பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதற்கு முன் இந்தச் சொல்லை அகராதியில் ஒரு தடவையாவது பார்த்ததில்லை. தெரிந்த சொல்லை யார் அகராதியில் பார்க்கிறார்கள்?

பார்த்த பிறகு தலை சுற்றிற்று.

இங்கிலீஷ் பாஷைக்கு ஆக்ஸ்போர்டு அகராதி என்று ஒரு பெரிய அகராதி இருப்பது நேயர்களுக்குத் தெரியும். அதைத் தொகுப்பதற்கு ஆசிரியராக 1879-ல் அமர்ந்தவர் ஜேம்ஸ் மர்ரே என்பவர். பதினான்கு வயதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பிற்பாடு தாமே கற்றுத் தேறி, மில் ஹில் என்ற ஊரில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். (நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை உண்டு, மறைப்பானேன்?) தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதில் லட்சக் கணக்கான காகிதச் சீட்டுகளை அடுக்கி வைத்து வேலை செய்தார். 1884-ல் முதல் பகுதி வெளியாயிற்று. வேலை முழுவதும் முடிந்தது 1928-ல். அதைப் பார்க்க மர்ரே உயிரோடு இல்லை, 1915-லேயே காலமாகிவிட்டார்.

அந்த அகராதியின் இரண்டாம் பதிப்பு, இருபது தொகுதிகளாக, 1989-ல் வந்தது. அதில் மற்றெல்லாச் சொற்களையும்விட அதிக இடத்தை அடைத்துக்கொண்டது 'ஸெட்' என்ற மூன்றெழுத்துச் சொல்தான். ஆனால் மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தி எழுதி வருகையில் 'ரன்' என்ற சொல் அதை முந்திவிட்டதாக 2011-ல் செய்தி வந்தது. வினைச் சொல்லாக மட்டும் 'ரன்' என்பதற்கு 645 பொருள்கள்! பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் போராடினாராம். ஒரு குழந்தை பிறக்கும் காலம் அது.

645 பொருளுள்ள ஒரு சொல்லை, 'ரன் என்றால் ஓடு' என்று ஆறாம் வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளை தடுமாறினால் சிரிக்கிறோம். இது நியாயமா என்று நேயர்களே சொல்லட்டும்.

இந்தச் சொல் ஆதியில் என்ன பொருளோடு பிறந்தது என்று பார்த்தால் ஓர் ஆச்சரியம். பழைய ஜெர்மானிய பாஷைகளில் இதன் இனச் சொற்கள் காலால் ஓடுவதை மட்டும் குறிக்கவில்லை. தண்ணீர் ஓடுவதையும் குறித்தன. இன்றும் ஜெர்மன் பாஷையில் 'ரின்னென்' என்றால் நீர் வழிந்து ஓடுவதுதான். தமிழிலும் அப்படியே அல்லவா? ஆறு ஓடுகிறது, ஓடுகிற நீர் ஓடை ஆகிறது. ரத்தம் நாளங்களில் ஓடுகிறது. காலம் ஓடிவிடுகிறது. இந்த மட்டும் நமக்கும் இங்கிலீஷ்காரருக்கும் சண்டையே இல்லை.

1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவில் அதுதான் முதல் பிரயாணி ரயில். அது 'ஓடிற்று' என்று சொல்லுவதற்கு நம் ஜனங்களுக்கு எந்தப் பண்டிதருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷிலும் ரயில் 'ரன்' செய்கிறது; யந்திரம் 'ரன்' செய்கிறது. இந்தச் சொல்லின் பொருள்கள் இப்படிப் பெருகியதற்கு யந்திர யுகமே பெருங் காரணம் என்று அகராதிக்காரர்கள் சொல்லுகிறார்கள். நீராவி யந்திரத்தில் ஏறிய சொல் கடிகாரத்திலும் மோட்டாரிலும் ஓடி, இன்று கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்து ஓடிக்கொண்டிருக்கிறது. சினிமா விஷயத்திலும் இரு பாஷைகளுக்கும் ஒற்றுமைதான். 1944-ல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. படத்துக்குக் கால் ஏது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தகராறு எங்கே ஆரம்பிக்கிறதென்றால், மனிதன் ஒரு காரியத்தை நிர்வாகம் செய்யும் இடத்தில்தான். இங்கிலீஷ்காரன் கடையை ஓட்டுகிறான், பள்ளிக்கூடத்தை ஓட்டுகிறான், ஹோட்டலை, பத்திரிகையை, ராஜாங்கத்தையே ஓட்டுகிறான். தமிழன் இவை அனைத்தையும் நடத்துகிறான். பள்ளிக்கூடம் நடத்துகிறோம், பத்திரிகை நடத்துகிறோம், கல்யாணம் நடத்துகிறோம், வழக்குக்கூட நடத்துகிறோம். அவனுக்கு எல்லாம் ஓட்டம், நமக்கு எல்லாம் நடை. இதிலிருந்து அவன் சுறுசுறுப்புள்ளவன், நாம் சோம்பேறிகள் என்று சாஸ்திரம் பண்ணுவதற்குச் சிலர் புறப்படக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவிலே ஜனாதிபதி பதவிக்கு ஒருவர் போட்டியிட்டால், அவர் அதற்காக 'ரன்' செய்கிறார் என்பார்கள். கூட நிற்கும் உப ஜனாதிபதி வேட்பாளருக்குக் குதிரைப் பந்தயத்திலிருந்து எடுத்த பெயர், 'ரன்னிங் மேட்'. இங்கிலாந்திலோ பார்லிமெண்டுக்குப் போட்டியிடுகிறவர் 'ஸ்டாண்டு' செய்கிறார், அதாவது நிற்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறோம் என்றுதான் சொல்லுகிறோம். ஒரே இங்கிலீஷ் பேசுகிற இரண்டு தேசங்களில் ஒருவர் ஓட, ஒருவர் நிற்க, இதில் எந்த ஜாதியின் சுறுசுறுப்பை அளப்பது? நின்றவர் ஜயித்த பிறகு தொகுதிப் பக்கம் தலை காட்டாமல் ஓடிவிடுவது எல்லாத் தேசங்களுக்கும் பொது.

நம் பாஷையில் 'ஓட்டு'வதும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 'குடும்பம் நடத்துகிறான்' என்று சொன்னால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. 'ஏதோ குடும்பத்தை ஓட்டுகிறான்' என்று சொன்னால், மாதக் கடைசியும், கைமாற்றும், தேய்ந்த செருப்பும் கண் முன்னால் வந்து நிற்கின்றன. வண்டி மாட்டை ஓட்டுவதுபோல் குடும்பத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறான் என்ற பொருள் அதில் அடங்கியிருக்கிறது. இந்தப் பேதத்தை 'ரன்' என்ற ஒற்றைச் சொல்லில் காட்ட முடியாது. 645 பொருள் இருந்தும் இந்தப் பொருளுக்குப் பஞ்சம்.

சரி, பையன் செய்த பிழைக்கு வருவோம். தமிழில் தன்வினை வேறு, பிறவினை வேறு. 'நட' என்றால் தானே நடப்பது. 'நடத்து' என்றால் பிறரை நடக்கச் செய்வது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே உருவம். 'வாக்' என்ற சொல்லைப் பிறவினையாகப் பிரயோகிக்கும் வழக்கம் அந்தப் பாஷையிலேயே தாராளமாக இருக்கிறது. துரைமார் மாலை வேளையில் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு உலாவப் போவதை 'வாக்கிங் தி டாக்' என்றுதான் சொல்லுவார்கள். நாயை 'வாக்' செய்விக்கலாம் என்றால் கடையை ஏன் 'வாக்' செய்விக்கக் கூடாது? அந்தப் பையன் இலக்கணத்தில் ஒரு தப்பும் பண்ணவில்லை. வழக்கு அப்படி இல்லை, அவ்வளவே. அவன் யோசித்து எழுதினான்; நாம் யோசிக்காமல் திருத்தினோம்.

இந்தச் சொல்லோடு இன்னொரு சிறு சொல் ஒட்டிக்கொண்டால் பிள்ளைகள் படும் பாடு சொல்லத் தரமன்று. 'ரன் ஓவர்' என்றால் பாடத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது. பால் பொங்கி வழிவது. பஸ் ஒரு மனிதன்மேல் ஏறிவிடுவது. மூன்றும் ஒன்றே. 'ரன் இன்ட்டு' என்றால் மோதுவது, எதிர்பாராமல் சந்திப்பது. மாமாவைக் கடைத்தெருவில் தற்செயலாகக் கண்டேன் என்று பொருள்படும் வாக்கியத்தை ஒரு மாணவன், 'நான் கடைத்தெருவில் மாமாவுக்குள் ஓடினேன்' என்று மொழிபெயர்த்ததை நாமே திருத்தியிருக்கிறோம். இந்தக் கூட்டுச் சொற்களை முந்நூறு, நானூறு என்று வரிசையாக அச்சிட்டு, பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்படி விற்கிற வழிகாட்டிப் புத்தகங்கள் உண்டு. அவற்றால் வயிறு நிறைகிறவர்கள் அச்சிட்டவர்கள் மட்டுமே என்பது நம் அபிப்பிராயம்.

கிரிக்கெட்டு ஆட்டத்தைச் சொல்லாமல் இந்தச் சொல்லை விட முடியாது. வீட்டிலே அரிசி 'ரன் அவுட்' ஆனால் அம்மாவுக்குக் கவலை; மைதானத்திலே ஆட்டக்காரன் 'ரன் அவுட்' ஆனால் ஊருக்கே கவலை. 1952-ஆம் வருஷம் பிப்ரவரியில், சேப்பாக்கம் மைதானத்தில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்தது. தோற்றது இங்கிலாந்து, வித்தியாசம் ஒரு இன்னிங்ஸும் எட்டு ரன்னும். நம்மை இரு நூற்றாண்டு ஓட ஓட விரட்டியவர்களை அவர்களுடைய ஆட்டத்திலேயே, அவர்களுடைய 'ரன்'னைக் கொண்டே தோற்கடித்தபோது ஜனங்களுக்கு இருந்த குதூகலத்தைச் சொல்ல வேண்டுமா? அந்த ஆட்டத்தில் பன்னிரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தவர் வினூ மன்காட்.

அந்த மன்காட் பெயரை இங்கிலீஷ் பத்திரிகைகள் வேறொரு காரியத்துக்காகவும் பல வருஷம் இழுத்துக்கொண்டிருந்தன. 1947 டிசம்பரில் ஸிட்னி நகரத்து டெஸ்டில், பந்து போடப்படுமுன்பே எல்லைக் கோட்டை விட்டு முன்னேறிய பில் பிரவுன் என்ற ஆஸ்திரேலியரை, மன்காட் பந்தைப் போடாமலே விக்கெட்டைத் தட்டி 'ரன் அவுட்' ஆக்கினார். சட்டத்தில் இடம் இருந்தது. எதிர்க் கட்சியின் தலைவரான பிராட்மனே பின்னால் தம் சுயசரிதையில் மன்காட் பக்கந்தான் பேசினார். இருந்தும் பத்திரிகைக்காரர்கள் அந்தச் செய்கைக்கு 'மன்காடிங்' என்று பெயர் வைத்து, நம்மவர் பெயரை ஒரு வசைச் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். ஆட்ட விதிகளிலும் அது 'நியாயமற்ற ஆட்டம்' என்ற அதிகாரத்தில்தான் வெகு காலம் கிடந்தது. 2022-ல் விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்து, சாதாரண 'ரன் அவுட்' அதிகாரத்திலே சேர்த்தார்கள். ஒரு சொல் தனக்குரிய இடத்துக்கு வந்து சேர எழுபத்தைந்து வருஷம் ஆயிற்று. மன்காட் 1978-லேயே காலமாகிவிட்டார்.

பாங்கிகளின் மேலும் 'ரன்' உண்டு. பாங்கி ஆட்டங் கண்டுவிட்டது என்று ஒரு வதந்தி கிளம்பினால், பணம் போட்ட ஜனங்கள் எல்லாரும் ஒரே நாளில் திரும்பப் பெற ஓடுவதற்கு அந்தப் பெயர். 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி இவ்விதம்தான் கதவைச் சாத்திற்று. எந்தப் பாங்கியும் வாங்கிய பணத்தைப் பெட்டியில் அப்படியே வைத்திருப்பதில்லை, கடன் கொடுத்திருக்கும். ஆகவே நல்ல பாங்கியும் ஓட்டத்துக்குத் தாங்காது. 2023 மார்ச்சு மாதம் அமெரிக்காவில் ஸிலிக்கான் வாலி பாங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டார்கள். மறுநாள் பாங்கி மூடப்பட்டது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கைக் கருவியைத் தட்டினார்கள். யாரும் ஓடாவிட்டாலும் அதற்குப் பெயர் ஓட்டம்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'இங்கிலீஷ் ஒரு பைத்தியக்கார பாஷை' என்று தீர்ப்புக் கூறலாமா என்றால், அதற்கு முன் நம் வீட்டுக்குள்ளே சற்றுப் பார்ப்பது உசிதம். 'அடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அடிக்கிறோம், அது சரி. மணி அடிக்கிறது. வெயில் அடிக்கிறது. காற்று அடிக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அந்தக் காலத்தில் தந்தி அடித்தோம். பரீட்சையில் சிலர் காப்பி அடிக்கிறார்கள். சாக்கடை நாற்றம் அடிக்கிறது. காய்ச்சலும் அடிக்கிறது! இங்கிலீஷ்காரனுக்கு உடம்பில் சூடு 'ரன்' ஆகிறது, நமக்கு அடிக்கிறது. அவனுக்கு மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. துணியின் சாயம் அவனுக்கு ஓடுகிறது, நமக்குப் போகிறது. ஜலதோஷம் நமக்குப் பிடிக்கிறது. பிடித்தது என்றால் விரும்பியது என்றும் பொருள் உண்டு. இதை ஓர் அயல் தேசத்தானுக்கு விளக்கிப் பாருங்கள்.

விளக்கப்பட்ட அயல் தேசத்தார் இருந்தார்கள். திருக்குறளை 1886-ல் இங்கிலீஷில் வெளியிட்ட ஜி. யூ. போப்பையர், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார். மர்ரேயும் 1885 முதல் அதே ஆக்ஸ்போர்டில்தான் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே ஊரில் ஒரு கிழவர் இங்கிலீஷ் சொல்லின் பொருள்களை எண்ண, இன்னொரு கிழவர் தமிழ்ச் சொல்லின் பொருள்களை இங்கிலீஷ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நமக்கும் ஒரு பேரகராதி வந்தது. சென்னை ஸர்வகலாசாலை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன், 1924 முதல் 1936 வரை, ஆறு தொகுதிகள். மதுரையிலே இருந்த சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார் தொடங்கிவைத்த வேலையை, வையாபுரிப் பிள்ளையவர்கள் முடித்து வைத்தார்கள். அந்தத் தொகுதிகளில் 'ஓடு' என்பதற்கு எத்தனை பொருள், 'அடி' என்பதற்கு எத்தனை பொருள் என்று நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டியிருப்போம்? இங்கிலீஷ் வகுப்பில் தமிழ்ச் சொல் ஒன்று வாயில் வந்துவிட்டால் அபராதம் விதிக்கிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பையன் தமிழில் நினைத்ததுதான் குற்றம் என்று சொல்லுகிறார்கள். தமிழில் நினைக்காமல் அவன் வேறு எதில் நினைப்பான்? அவன் நினைத்ததை அவனுக்கே எடுத்துக் காட்டி, 'இந்த இடத்தில் நாம் நடக்கிறோம், அவர்கள் ஓடுகிறார்கள்' என்று சொன்னால், அவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான். நானூறு கூட்டுச் சொற்களை மனப்பாடம் செய்தவன் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறான்.

மறுநாள் வகுப்பில் ஒரு மணி நேரம் இதைத்தான் நடத்தினோம். கரும்பலகையில் இடது பக்கம் 'ஓடு', வலது பக்கம் 'ரன்' என்று எழுதி, எது எது இரண்டிலும் ஓடுகிறது, எது எது ஒன்றில் மட்டும் ஓடுகிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொன்னோம். கரும்பலகையில் இடம் போதவில்லை. நாய்ச் சங்கிலி விஷயத்தையும் சொல்லி, முன்தினம் தப்பு யாருடையது என்பதை எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டோம். பிள்ளைகள் இதற்கும் சிரித்தார்கள். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவும் இல்லை, கை தூக்கவும் இல்லை.

மணி அடித்து எல்லாரும் போன பிறகு அவன் நம்மிடம் வந்தான். நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, "ஸார், கடையை நடத்துவதற்கும் 'ரன்', கடை ஓடுவதற்கும் 'ரன்' என்றால், இதை எப்படி இங்கிலீஷில் எழுதுவது?" என்று கேட்டான்.

"எதை?"

"அப்பா கடை நடத்துகிறார். ஆனால் கடை ஓடவில்லை."

நாம் பேனாவை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவனுடைய நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெரு முனையில் இருக்கும் அந்தக் கடையில் நமக்கும் இரண்டு மாதமாக ஒரு கணக்கு நிற்கிறது. அன்று சாயங்காலமே அதைத் தீர்த்துவிட்டு வந்தோம். வாக்கியம் இன்னும் பாக்கி இருக்கிறது.